14 மாதப் பையன்: பாதம் தட்டை, கால் வில் போல வளைவு. ஷூ போட்டால் சரியாகுமா?

மலைக்கோட்டை_அம்மா கேட்டது:

பையனுக்கு 14 மாதம். பிடிமானம் இல்லாமல் நடக்க ஆரம்பித்துச் சில வாரம்தான் ஆகிறது. பாதத்தின் அடியில் குழிவே இல்லை. ஈரக்காலோடு நின்றால் முழுப் பாதமும் தரையில் பதிகிறது. நிற்கும்போது இரண்டு முட்டிக்கும் நடுவில் என் மூன்று விரல் நுழைகிறது. விரல்களை மடக்கித் தரையைக் கவ்விக்கொண்டு நிற்கிறான். காலை அகட்டி, இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டுதான் நடை. சில சமயம் நுனிக்காலில் நாலு எட்டு வைக்கிறான்.

உள்ளே மேடு வைத்த, கணுக்கால் வரை வரும் கெட்டி ஷூ போட்டால்தான் கால் நேராகும் என்று கடையில் சொல்கிறார்கள். மாமியார் தினமும் எண்ணெய் தேய்த்துக் காலை இழுத்து நீவச் சொல்கிறார். 9 மாதத்தில் இருந்து வாக்கரில் உட்கார வைத்தோம், அதனால் இப்படி ஆகிவிட்டதோ என்றும் பயம். எது இயல்பு, எதற்கு டாக்டரிடம் போக வேண்டும்? ஷூ வாங்கினால் எப்படிப்பட்டது வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

எலும்பும்_குருத்தும் (குழந்தைகள் எலும்பு மருத்துவம்):

அம்மா, நீங்கள் எழுதியதில் 14 மாதத்துக்குப் பொருந்தாத விஷயம் ஒன்றுகூட இல்லை. காரணம் தெரிந்தால் பயமும் போகும், கடைக்காரர் சொல்வதை எடைபோடவும் முடியும்.

முதலில் பாதம். பெரியவர்களின் ஒரு பாதத்தில் 26 எலும்புகள். பிறந்த குழந்தைக்கு அதன் பின்பாதியில் எலும்பாகக் கெட்டிப்பட்டிருப்பவை குதிகால் எலும்பும் அதன் மேல் உட்காரும் தாலஸும்தான். பாதத்தின் வெளிப்பக்கம் இருக்கும் கியூபாய்டு எலும்பு பிறக்கும் சமயத்தையொட்டிக் கெட்டிப்படத் தொடங்கும். மற்றதெல்லாம் குருத்தெலும்பு. பாதத்தின் நடுவில் இருக்கும் கியூனிஃபார்ம் எலும்புகள் மூன்றும் முதல் மூன்று வருடத்தில் ஒவ்வொன்றாக எலும்பாகும். கடைசியாக வருவது நவிக்குலர்: பெரும்பாலும் 3 வயதையொட்டி, சிலருக்கு இன்னும் தாமதமாகவும். உள்வளைவின் உச்சியில் இருப்பதே இந்த நவிக்குலர்தான். உங்கள் பையனுக்கு அது இன்னும் குருத்து. போதாததற்கு மூட்டுகளைக் கட்டும் நார்கள் இளக்கமாக இருக்கின்றன, வளைவு இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்புத் திட்டு ஒன்றும் இருக்கிறது. எடை ஏறியதும் பாதம் பரந்து படிந்துவிடும். இந்த வயதில் ஈரக்கால் தடம் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. கொழுப்பும் சேர்ந்துதான் தரையில் பதிகிறது.

வளைவு எப்போது வரும்? 2006இல் ஆஸ்திரியாவில் 3 முதல் 6 வயது வரையுள்ள 835 குழந்தைகளை அளந்து பார்த்தார்கள். 3 வயதில் 54 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். 6 வயதில் அது 24 சதவீதம். நோய் என்று சொல்லத்தக்க தட்டைப் பாதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. 10 வயது வரைகூட வளைவு மெல்ல உயர்ந்துகொண்டே வரும்.

இளகிய தட்டைப் பாதமா, இறுகியதா என்பதுதான் எங்களுக்கு முக்கியம். வீட்டிலேயே பார்க்கலாம். அவனுக்கு எட்டாத உயரத்தில் பொம்மையைக் காட்டுங்கள். நுனிக்காலில் எக்கும்போது பின்னால் இருந்து பாருங்கள். உள்பக்கம் ஒரு குழிவு எழும்பி, குதிகால் லேசாக உள்ளே திரும்பினால் பாதம் இளகியதுதான். நிற்கும்போது பெருவிரலை மட்டும் மேலே தூக்கிப் பார்த்தாலும் வளைவு எழும்பும். உட்கார்ந்து கால் தொங்கும்போது வளைவு தெரிந்து, நின்றால் மறைவதும் அதே கதைதான். எக்கினாலும் எழும்பாத, கையால் அசைத்தால் இறுக்கமாக இருக்கிற பாதத்தைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

அடுத்தது வில்கால். 1975இல் பின்லாந்தில் சலேனியஸ், வான்கா இருவரும் குழந்தைகளின் முட்டிக் கோணத்தை வயதுவாரியாக அளந்து வெளியிட்ட வரைபடத்தைத்தான் இன்றும் நாங்கள் மனதில் வைத்திருக்கிறோம். பிறக்கும்போது கால் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். 18 முதல் 24 மாதத்துக்குள் நேராகும். பிறகு எதிர்ப்பக்கம் போய் 3–4 வயதில் முட்டி தட்டும், 7 வயதுவாக்கில் பெரியவர்களின் கோணத்துக்கு வந்து நிற்கும். இன்று வில்காலுக்காக வருகிற பெற்றோர், அதே குழந்தையை மூன்று வயதில் முட்டி தட்டுகிறது என்று கூட்டி வருவார்கள். இரண்டும் ஒரே வளர்ச்சியின் இரண்டு கட்டங்கள்.

அளப்பதற்கு: மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டிச்சில்லு இரண்டும் நேராக மேலே பார்க்கும்படி வைத்து, கணுக்கால்களைச் சேர்த்துப் பிடியுங்கள். முட்டிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்குள் இருந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் இப்போதைக்குக் கவலை இல்லை. முட்டிச்சில்லை நேராக்காமல் அளந்தால் அளவு தப்பாக வரும், ஏனென்றால் இந்த வயதில் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு உள்நோக்கித் திருகியிருக்கும். அது வளைவை அதிகமாகக் காட்டும். அளந்ததைத் தேதியோடு குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து ஒப்பிட்டால் குறைகிறதா, கூடுகிறதா என்று தெரிந்துவிடும்.

ஷூ பற்றி: கெட்டி ஷூவும் உள்மேடும் வளைவை உண்டாக்குமா என்று 1989இல் வெங்கர் குழுவினர் 1 முதல் 6 வயதுக் குழந்தைகளைப் பிரித்து, மூன்று வருடம் போட வைத்துப் பார்த்துவிட்டார்கள். போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் எக்ஸ்ரேயில் வித்தியாசம் இல்லை. எல்லோருக்கும் தானாகவே முன்னேறியது. வலி இல்லாத, இளகிய பாதத்துக்கு அந்தப் பணத்தைச் செலவிடாதீர்கள்.

---

தரையில்_விளையாட்டு (குழந்தைகள் பிசியோதெரபி):

டாக்டர் சொன்னதோட நடையைப் பத்திக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

கையைத் தூக்கி வச்சுக்கிட்டு, காலை அகட்டி, பாதம் முழுசையும் ஒரே நேரத்துல தரையில வைக்கிறதுதான் முதல் நடையோட இலக்கணம். குழந்தைக்குத் தலை பெருசு, எடை மேல்பக்கம் அதிகம். அதனால அடித்தளத்தை அகலமாக்கித்தான் நிக்க முடியும். சமநிலை வர வர முதல்ல கை இறங்கும், அப்புறம் கால் நெருங்கும். 18 மாசத்துல இருந்து 2 வயசுக்குள்ள குதிகால் முதல்ல தரையைத் தொடுற நடை வந்துடும். கை வீசி நடக்கிறதும் அந்தச் சமயத்துலதான். குழந்தைகளோட நடையை ஆராய்ஞ்ச சதர்லாந்து 1980ல வெளியிட்ட அளவைப் பாருங்க: ஒரு வயசுக் குழந்தை நிமிஷத்துக்கு 176 எட்டு வைக்குது, ஒரு எட்டு சுமார் 22 செ.மீ.தான். 7 வயசுல நிமிஷத்துக்கு 144 எட்டு, ஒரு எட்டு 48 செ.மீ. கால் நீளம் மட்டும் இதுக்குக் காரணம் இல்லை. ஒத்தைக் கால்ல நிக்கிற பலம் வந்தாத்தான் அடுத்த காலை நிதானமா முன்னாடி கொண்டுபோக முடியும்.

விரலை மடக்கித் தரையைக் கவ்வுறது கெட்ட பழக்கம் இல்லை. வெறுங்கால்ல உள்ளங்கால் தோல் தரையை உணருது, விரல் சரிக்கட்டுது, பாதத்துக்குள்ள இருக்கிற சின்னத் தசைகள் வேலை செய்யுது. நடை தேறினதும் தானா குறையும். ஷூவுக்குள்ள விரலை மடக்கினா அது வேற விஷயம். ஷூ லூசா இருக்கு, கழலாம இருக்கக் கவ்விப் பிடிக்கிறான்னு அர்த்தம்.

நுனிக்கால்: அப்பப்ப வச்சுட்டு, நில்லுன்னா முழுப் பாதத்துல நின்னா பரவாயில்லை. ரெண்டு வயசு வரைக்கும் இப்படி இருக்கலாம். சோதிக்க, முட்டியை நேரா வச்சுக் குதிகாலைப் பிடிச்சுட்டு முன்பாதத்தை மெதுவா முகத்தை நோக்கித் தள்ளுங்க. செங்கோணத்தைத் தாண்டித் தாராளமா வரணும். குத்துக்கால் போட்டு, குதிகால் தரையில பதிய உட்கார்ந்து விளையாடுறானான்னும் பாருங்க. இது ரெண்டும் சரின்னா குதிகாலுக்கு மேல இருக்கிற தசைநார் இறுகலைன்னு வச்சுக்கலாம். ஒரு கால்ல மட்டும் நுனி நடைன்னா வயசு எதுவானாலும் காத்திருக்காதீங்க.

வாக்கர். அதுல உட்கார வச்சதால வில்கால் வரலை, அந்தப் பழியை உங்க மேல போட்டுக்காதீங்க. ஆனா இன்னைக்கே எடுத்து வச்சுடுங்க. இடுப்பைத் துணி தாங்கிக்குது, அதனால காலுக்கு முழு எடை ஏறுறதில்லை. குழந்தை நுனிக்காலால உந்தித் தள்ளிப் பழகுது. தட்டு மறைக்கிறதால தன் பாதத்தைத் தானே பார்க்க முடியாது. தடுமாறி, விழுந்து, சரிக்கட்டுற பழக்கமே கிடைக்காது. படியில உருண்டு தலையில அடிபடுறதும், அடுப்புப் பக்கம் போய்க் கை நீட்டுறதும் தனி ஆபத்து. கனடா 2004லயே வாக்கர் விற்பனையைத் தடை பண்ணிடுச்சு.

நம்ம மர நடைவண்டி நல்ல சாமான். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. நடைவண்டியில குழந்தை தன் கால்ல, தன் எடையோட பின்னாடி நிக்குது, பாதம் தரையில முழுசாப் படுது. கட்டிலைப் பிடிச்சுப் பக்கவாட்டுல நடக்க ஆரம்பிச்ச பிறகு கொடுங்க. கைப்பிடி தொப்புளுக்கும் மார்புக்கும் நடுவுல வரணும். டைல்ஸ் தரையில வண்டி முன்னாடி ஓடிடும், குழந்தை முகம் குப்புற விழும். அதுக்கு அடிக்கட்டையில 2 கிலோ அரிசிப் பை ஒண்ணைக் கட்டி வைங்க, இல்லைன்னா சிமெண்ட் முற்றத்துலயோ பாய் மேலயோ ஓட்ட விடுங்க.

நிறைய விழுறானேன்னு யாராவது சொன்னா கவலைப்படாதீங்க. நியூயார்க்ல அடால்ஃப் குழுவினர் 2012ல வெளியிட்ட ஆய்வுல 12 முதல் 19 மாசக் குழந்தைகள் தானா விளையாடுறப்ப சராசரியா மணிக்கு 2,368 எட்டு வச்சாங்க, 17 தடவை விழுந்தாங்க. நடை கத்துக்கிறதே அப்படித்தான். வீட்டுல செய்ய வேண்டியது அந்த எட்டுகளுக்கு இடம் கொடுக்கிறதுதான்: சோபா மேல, எட்டிப் பிடிக்கிற தூரத்துல பொம்மை, ஏறி இறங்க ரெண்டு தலையணை, குனிஞ்சு பொறுக்கத் தரையில நாலு டப்பா, சாயங்காலம் மணல், புல்வெளி, கொஞ்சம் சரிவான இடம். சமதரையில கிடைக்காத வேலை கணுக்காலுக்கு மணல்ல கிடைக்குது. டைல்ஸ்ல சாக்ஸ் மட்டும் போட்டு விடவே விடாதீங்க. வழுக்கும், விழுந்துடுவோமோன்னு இறுகிப் போய் நடப்பான்.

---

ஆம்பூர்_லாஸ்ட் (குழந்தைகள் காலணி பேட்டர்ன், அளவு):

காலணித் தொழில் பக்கத்தில் இருந்து. நடை பழகும் குழந்தைக்கு ஷூவின் வேலை ஒன்றே ஒன்று: வெளியில் சூடு, முள், கண்ணாடிச் சில், அழுக்கு காலில் படாமல் காப்பது. நடக்கக் கற்றுக்கொடுக்கும் ஷூ என்று ஒன்று கிடையாது. வீட்டுக்குள் வெறுங்கால் போதும்.

வாங்கும்போது கையிலேயே சோதிக்கலாம். முன்பாதம் மடங்கும் இடத்தில், அதாவது நுனியில் இருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், ஒரு விரல் அழுத்தத்துக்கே சோல் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் அந்த லாஸ்ட் (ஷூவை வடிவமைக்கும் கால் அச்சு) சரியில்லை, மடங்கவே இல்லை என்றால் குழந்தை பாதத்தை உருட்ட முடியாமல் தூக்கித் தூக்கி வைக்கும். சோல் 3–4 மி.மீ. போதும், குதியில் உயரம் கூடாது. முன்பக்கம் விரல்களின் வடிவில் அகலமாக இருக்க வேண்டும். குழந்தையின் பாதம் விரல் பக்கம்தான் அதிக அகலம். பெரியவர்கள் ஷூவைச் சிறிதாக்கியது போல் கூராக வருவதை எடுக்க வேண்டாம். மேல்பாதத்தைப் பிடிக்க வெல்க்ரோவோ கயிறோ கட்டாயம். மாட்டிக் கழற்றும் வகையில் பிடிப்பு இல்லை, மேலே சொன்னார்களே, விரலை மடக்குவது அதனால்தான். நடக்கும்போது சத்தம் போடும் ஷூவில் காற்றுப்பையும் ஊதலும் குதிக்குள் இருக்கிறது; குதி தடித்து உயர்ந்துவிடும். அழகுக்காக என்றாலும் தவிர்த்துவிடுங்கள். வேறு குழந்தை போட்டுத் தேய்ந்த ஷூவும் வேண்டாம், உள்ளே அந்தக் காலின் பள்ளமும் சாய்வும் இருக்கும்.

அளவு எடுப்பதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. படுத்திருக்கும்போது எடுத்த அளவு செல்லாது. எடை ஏறியதும் பாதம் நீளும், பரக்கும். மாலையில் எடுங்கள். சுவரை ஒட்டித் தரையில் ஒரு காகிதம். குதிகால் சுவரைத் தொட, முழு எடையோடு நிற்கட்டும். பென்சிலை நெட்டுக்குத்தாகப் பிடித்து மிக நீண்ட விரலின் நுனியைக் குறியுங்கள். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். விரல் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, மேலிருந்து மெதுவாக அழுத்தி விரித்துவிடுங்கள். இரண்டு காலையும் அளந்து, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அளவோடு 12 மி.மீ. கூட்டினால் ஷூவின் உள்நீளம். எண் வேண்டுமென்றால் கணக்கு இதோ. யூகே குழந்தை அளவு 4 அங்குலத்தில், அதாவது 101.6 மி.மீ.யில் பூஜ்யமாகத் தொடங்கி, ஒவ்வோர் எண்ணுக்கும் 8.46 மி.மீ. ஏறும். உங்கள் பையனின் பாதம் 123 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 123 + 12 = 135. அதில் 101.6 போக 33.4. அதை 8.46ஆல் வகுத்தால் 3.95, ஆகவே 4. ஐரோப்பிய எண்ணுக்கு 135ஐ 6.67ஆல் வகுங்கள், 20 வரும். கம்பெனிக்குக் கம்பெனி லாஸ்ட் மாறும் என்பதால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் இன்சோல் அட்டையை வெளியே எடுத்து அதன் மேல் குழந்தையை நிற்க வையுங்கள். விரல் நுனிக்கு முன்னால் 10–12 மி.மீ. இடம் தெரிய வேண்டும், பக்கவாட்டில் சதை வெளியே வழியக் கூடாது.

வளரட்டும் என்று இரண்டு எண் பெரிதாக எடுப்பது வேறு ஒரு தப்பு. மடங்க வேண்டிய இடம் விரலுக்கு முன்னால் போய்விடும், தடுக்கி விழுவான். இந்த வயதில் பாதம் மாதம் சுமார் 1.5 மி.மீ. வளர்கிறது. 12 மி.மீ. இடம் விட்டு வாங்கினால் நாலைந்து மாதத்தில் அதில் பாதிதான் மிஞ்சும். ஆகவே 2 மாதத்துக்கு ஒரு முறை இன்சோலை எடுத்துப் பாருங்கள். குழந்தை வலிக்கிறது என்று சொல்லாது. குருத்தெலும்பு இடத்துக்கு ஏற்ப மடங்கிக்கொடுத்துவிடும். இதை நான் வலியுறுத்திச் சொல்வேன்: சின்ன ஷூ செய்யும் கெடுதலில் பாதிகூட ஷூ இல்லாததால் வராது. சாக்ஸுக்கும் இதே விதிதான், துவைத்துச் சுருங்கிய சாக்ஸ் விரலை மடக்கிவிடும்.

நம் பக்கத்துச் சான்று ஒன்று. 1992இல் ராவ், ஜோசப் இருவரும் கர்நாடகக் கடற்கரைப் பகுதியில் 4 முதல் 13 வயது வரை 2,300 குழந்தைகளின் கால்தடத்தைப் பதிந்தார்கள். செருப்பு, ஷூ போட்டவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம். சாண்டல், செருப்பில் அதைவிடக் குறைவு.

---

மலைக்கோட்டை_அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. படுக்க வைத்து அளந்தேன், முட்டிக்கு நடுவில் 3.5 செ.மீ., இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. எக்கும்போது குழிவு தெரிகிறது. குத்துக்காலிட்டு நன்றாக உட்காருகிறான். ஒன்று கேட்க வேண்டும் டாக்டர்: வைட்டமின் டி சொட்டு 6 மாதத்தோடு நிறுத்திவிட்டோம். நாங்கள் அடுக்குமாடியில் இருக்கிறோம், வெயில் குறைவு. அதனால் கால் வளைந்திருக்குமா?

---

எலும்பும்_குருத்தும்:

நல்ல கேள்வி. 3.5 செ.மீ., சமமான வளைவு, இயல்பாகத்தான் தெரிகிறது. ஆனாலும் வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோயை இந்த வயதில் நினைவில் வைக்கத்தான் வேண்டும், வெயில் கொட்டும் ஊரிலும் அது வருகிறது.

ரிக்கெட்ஸில் கால் மட்டும் தனியாக வளையாது. மணிக்கட்டைத் தொட்டுப் பாருங்கள். எலும்பு முனை தடித்து, இரட்டை எலும்பு போலப் புடைத்திருக்கிறதா? மார்பின் இரண்டு பக்கமும் விலா எலும்புகள் முன்னால் சேரும் இடத்தில் வரிசையாகக் குமிழ்கள் தட்டுப்படுகின்றனவா? 18 மாதம் தாண்டியும் உச்சிக்குழி மூடாமல் பெரிதாக இருப்பது, பல் மிகத் தாமதம், அடிக்கடி சளி, தசை தளர்ச்சி, உயரம் ஏறாமை இவையும் கூட வரும். முக்கியமாக, இயல்பான வில்கால் மாதத்துக்கு மாதம் குறையும், ரிக்கெட்ஸில் நடக்க நடக்கக் கூடும். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி ஆகியவற்றோடு மணிக்கட்டு அல்லது முட்டி எக்ஸ்ரே ஒன்று பார்ப்போம். ரிக்கெட்ஸ் இருந்தால் எக்ஸ்ரேயில், எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டின் ஓரம் குழிந்து, பிசிறு பிசிறாகத் தெரியும்.

சொட்டைப் பொறுத்தவரை, முதல் வயது முடியும் வரை தினம் 400 யூனிட் என்பதே பரிந்துரை. ஆறு மாதத்தில் நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வயதுக்கு மேல் தினத் தேவை 600 யூனிட். இனி எப்படிக் கொடுப்பது என்று உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு எச்சரிக்கை. கடையில் ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள பாட்டிலும் இருக்கிறது, 800 உள்ளதும் இருக்கிறது. லேபிளைப் பார்க்காமல் பழைய அளவிலேயே ஊற்றாதீர்கள். 60,000 யூனிட் பாக்கெட்டை யாரோ சொன்னார்கள் என்று வாராவாரம் கொடுக்கவே கூடாது. கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அதிகச் சிறுநீர், சிறுநீரகத்தில் கால்சியம் படிவது வரை போகும்.

காத்திருக்காமல் காட்ட வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். 18 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை. (உலக சுகாதார நிறுவனம் டெல்லி உட்பட ஐந்து இடங்களில் பார்த்ததில் தனி நடை 8.2 முதல் 17.6 மாதத்துக்குள் வந்தது, சராசரி 12.1. பிள்ளைத்தமிழில் வருகைப் பருவத்தைப் பதின்மூன்றாம் மாதத்தில் வைத்தவர்களும் குழந்தையைக் கூர்ந்து பார்த்தவர்கள்தான்.) ஒரு பக்கம் மட்டும் வளைவு, ஒரு பக்கம் மட்டும் நுனி நடை. 2 வயதுக்கு மேல் வில்கால் கூடிக்கொண்டே போகிறது. நொண்டுவது, வாத்து போல ஆடி ஆடி நடப்பது, ஒரு கால் குட்டையாகத் தெரிவது. இடுப்பு மூட்டு பிறவியிலேயே நழுவியிருக்கலாம், அதை வலியே காட்டாது. நடந்த குழந்தை நடையை நிறுத்திவிட்டது. தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுகிறது, கெண்டைக்கால் தடித்திருக்கிறது. தட்டைக்கு நேர்மாறாக, மிக உயர்ந்த வளைவு. அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கக் கூடும்.

---

துணை_சுகாதார_நிலையம் (கிராம சுகாதாரச் செவிலியர்):

மாமியார் எண்ணெய் தேய்க்கிறதை நிறுத்தச் சொல்ல வேண்டாம்மா. தேய்க்கட்டும், குழந்தைக்கு இதம். இழுத்து நேராக்குறது, கணுக்காலைச் சேர்த்து அமுக்குறது, காலைச் சேர்த்துத் துணியால இறுக்கிக் கட்டுறது, இது மட்டும் கூடாது. வளைவு அதனால நிமிராது. கைக்குழந்தைக்குக் காலைச் சேர்த்துக் கட்டினா இடுப்பு மூட்டு நழுவ வாய்ப்பு இருக்கு. இடுப்புல கால் அகட்டி உட்கார வச்சுத் தூக்குறோமே, அந்தப் பழக்கம் மூட்டுக்கு நல்லது.

வெறுங்கால்னா வீடு, திண்ணை, சுத்தமான மணல். தோட்டத்து ஈரமண், வெளியில மலம் கழிக்கிற இடம் பக்கம் வெறுங்கால் வேண்டவே வேண்டாம். கொக்கிப்புழு உள்ளங்கால் தோல் வழியாத்தான் ஏறும், ரத்தசோகையில கொண்டுபோய் விடும். குடற்புழு மாத்திரை அங்கன்வாடியில கொடுக்கிறப்ப வாங்கிடுங்க: 1 முதல் 2 வயசு வரை அல்பெண்டசோல் 200 மி.கி., அதாவது அரை மாத்திரை, பொடி பண்ணித் தண்ணியில கலந்து. அதுக்கு மேல 400 மி.கி.

கொலுசு, தண்டை போட்டிருந்தா உள்ள ஒரு விரல் தாராளமா நுழையணும். திருகாணி கழன்டா வாயில போட்டுக்கும். குளிப்பாட்டுறப்ப தினம் கால்விரல் இடுக்கைப் பிரிச்சுப் பாருங்க. பிரசவத்துக்கு அப்புறம் அம்மாவுக்கு முடி கொட்டுற சமயம். ஒரு முடி விரலைச் சுத்தி இறுகினா விரல் சிவந்து வீங்கும், காரணம் தெரியாம குழந்தை விடாம அழும். முடி தெரியாத அளவுக்குச் சதை மூடியிருந்தா நீங்களே நோண்டாம உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

பிறக்கும்போதே பாதம் உள்ள மடங்கி, கையால நேராக்க முடியாம இருக்கிறது வளைபாதம். அதுக்குக் காத்திருக்கக் கூடாது. பிறந்த சில வாரத்துல தொடங்கினா வாரம் ஒரு மாவுக்கட்டுன்னு ஐந்தாறு கட்டுலயே பெரும்பாலும் நேராகுது; அப்புறம் குதிகாலுக்கு மேல இருக்கிற தசைநாரைச் சின்னதா விடுவிச்சு, ரெண்டையும் ஒரு கட்டையால இணைச்ச ஷூ போடணும். முதல் 3 மாசம் நாள் முழுக்க, பிறகு 4 வயசு வரை ராத்திரி. ராத்திரி ஷூவை விட்டாத்தான் திரும்ப மடங்குது. மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துல இதுக்கும் இடுப்பு மூட்டுக்கும் இலவசமாப் பார்ப்பாங்க.

---

கோவை_தாத்தா:

பேத்திக்கு மூன்றரை வயது. நடக்கும்போது இரண்டு பாதமும் உள்பக்கம் திரும்புகிறது, ஓடும்போது ஒரு காலில் மறு கால் தட்டி விழுகிறாள். எப்போதும் இரண்டு காலையும் பின்பக்கம் வெளியே போட்டு நடுவில்தான் உட்காருகிறாள். பெல்ட் கட்டும் சிகிச்சை இருக்கிறதாமே?

---

தரையில்_விளையாட்டு:

ஐயா, உள்திரும்பல் மூணு இடத்துல இருந்து வரும். கைக்குழந்தைன்னா பெரும்பாலும் முன்பாதம். 1 முதல் 3 வயசுன்னா முழங்காலுக்குக் கீழ் எலும்பு. 3 வயசுக்கு மேல தொடை எலும்போட மேல்முனை. பேத்தி நடக்கிறப்ப முன்னாடி நின்னு முட்டிச்சில்லைப் பாருங்க. முட்டிச்சில்லும் சேர்ந்து உள்ள பார்த்தா திருகல் தொடையில. முட்டிச்சில்லு நேரா இருந்து பாதம் மட்டும் திரும்பினா கீழ் எலும்புல, இல்லைன்னா பாதத்துலயே. நீங்க சொல்ற உட்காரும் விதத்தை வச்சுப் பார்த்தா தொடைதான். அவளுக்கு அப்படி உட்கார்றது சுலபம், சம்மணம் கஷ்டம்.

பிறக்கும்போது தொடை எலும்புல சுமார் 40 டிகிரி முன்திருகல் இருக்கும், வளர்ந்து முடியிறப்ப 15 டிகிரி அளவுக்கு வரும். 8–10 வயசு வரை அது அவிழ்ந்துகிட்டே இருக்கும். பெல்ட், கம்பி வச்ச ஷூ, திருப்பிப் போடுற ஷூ எதுவும் அதை வேகப்படுத்தாது, குழந்தைக்குத்தான் கஷ்டம். சம்மணத்துக்கு மாத்தி உட்காரச் சொல்லலாம், திட்ட வேண்டாம். சின்ன முக்காலி ஒண்ணு போட்டா அவளே அதுல உட்காருவா. சைக்கிள், நீச்சல், நொண்டி விளையாட்டு எல்லாம் இடுப்புத் தசைக்கு நல்ல வேலை.

ஒண்ணு மட்டும் கவனிங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும், மூணு மாசம் முந்தியைவிட விழுறது கூடியிருக்கக் கூடாது. பிடிச்சுக்கிட்டுப் படி ஏறுறப்ப ஒரு படிக்கு ஒரு கால்னு மாத்தி வைக்கணும், ஒத்தைக் கால்ல ரெண்டு மூணு விநாடியாவது நிக்கணும். இதுல ஏதாவது ஒண்ணு இல்லைன்னா செல்போன்ல முன்னாடி, பின்னாடி, பக்கவாட்டுன்னு மூணு பக்கமும், முட்டி தெரியிற மாதிரி டவுசர் போட்டு, வெறுங்கால்ல நடக்கிறதைப் படம் பிடிச்சு எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. டாக்டர் அறையில குழந்தைங்க இயல்பா நடக்கவே மாட்டாங்க.